பெஸ்தாரி ஜெயாவில் ஒரு முதல் வலைப்பூ: நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிலாங்கூர் மாநிலம், கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஆற்றை ஒட்டிய சிற்றூர் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டத்து மக்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு லயன் வீடுகள் காலியாகிப் பலரும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோய்விட்டார்கள்.

இந்த நிகழ்வில் இருவர். ஒருவர் அறுபதைத் தாண்டிய ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). மற்றவர் அவருடைய அக்காள் மகள். டவுனில் ஒரு மருந்தகத்தில் வேலை, ஞாயிறு மட்டும் ஓய்வு. மாமாவிடம் மூன்று படத்தொகுப்புகள், ஏறக்குறைய 200 பழைய படங்கள், பெரட்டுக்கள (காலை ஆளெடுப்பு நடக்கும் திடல்) நிகழ்ச்சிகளைக் குறித்து வைத்த ஒரு நோட்டு, 2003-இல் கணினியில் தட்டிய 46 பக்கக் கோப்பு ஒன்று. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அவர் எழுதுவது ஒரு வாரத்தில் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். அடுத்த மாதம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்பார். தேடினால் கிடைக்கிற இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதே வலைப்பூவின் நோக்கம்.

கையிருப்பு: பழைய மடிக்கணினி ஒன்று, 12 மெகாபிக்சல் கேமரா உள்ள கைப்பேசி, கைப்பேசி வழியே பகிரும் இணையம். ஆண்டுச் செலவு 100 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள்.

முதல் மூன்று வாரம்

ஒரு ஞாயிறு மாலை, அரை மணி நேரத்தில், கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் கணக்குத் திறந்தாயிற்று. மருமகளின் சொந்த மின்னஞ்சல்தான் கணக்கு. முகவரியை மாமா சொன்னார்: தோட்டப் பெயர், அதன் பின் 'நினைவலைகள்', இடையில் ஒரு கோடு. ரூமி (ரோமன்) எழுத்தில் 27 எழுத்து.

அடுத்த மூன்று ஞாயிறும் வார்ப்புருவில் (பக்கத் தோற்ற அமைப்பு) போயின. ஒன்பது வார்ப்புரு மாற்றினார்கள். தலைப்பில் பால்மரப் படம், அதன் மேல் ஓடும் எழுத்து, பக்கம் திறந்ததும் பாடும் நாதஸ்வரம். இவ்வளவுக்கும் வெளியான பதிவு ஒன்றே ஒன்று. நான்கு வரி, "வணக்கம்" என்று தொடங்குவது.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் இது மிகச் சாதாரணம். எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் வாரக்கணக்கு. பின்னால் மாற்றினால் உடைந்துபோகிற முகவரிக்கும் கணக்குக்கும் அரை மணி.

நான்காம் வாரம் மருமகளின் தோழி வழியாக, கணினிப் பட்டறை நடத்தும் ஒருவர் வழிகாட்டியாக வந்து பார்த்தார். கீழே வரும் முடிவுகளில் பெரும்பாலானவை அவர் வந்தபின் எடுத்தவை.

கவனித்தவை

வழிகாட்டி முதலில் செய்த சோதனை செலவில்லாதது. முகவரியைத் தொலைபேசியில் மூன்று உறவினருக்குச் சொல்லி, எழுதிக்கொண்டதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். மூன்றும் மூன்று விதமாக வந்தன. 'தோட்டம்' என்ற சொல்லில் தகரத்துக்கு 'டி'யோடு 'எச்' சேர்த்தவர் ஒருவர், சேர்க்காதவர் ஒருவர். மூன்றாமவர் 'ட்ட' வருமிடத்தில் இரண்டு 'டி' போதாதென்று அங்கேயும் 'எச்' போட்டிருந்தார். நடுவில் இருந்த கோட்டை மூவருமே விட்டுவிட்டார்கள்.

"நான் சரியாத்தான சொன்னேன்?" என்றார் மாமா. "நீங்க சொன்னது சரி மாமா, அவங்க எழுதுனதும் சரி. முகவரிதான் தப்பு" என்றார் மருமகள்.

இரண்டாவது, தேதி. ஞாயிறு காலை 10 மணிக்கு வெளியிட்ட பதிவில் சனிக்கிழமை மாலை என்று இருந்தது. வலைப்பூவின் நேர மண்டலம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் நின்றிருந்தது. மலேசிய நேரம் அதைவிட 15 அல்லது 16 மணி நேரம் முன்னால். திருவிழாத் தேதியையும் இறப்புத் தேதியையும் பதிக்கப் போகிற வலைப்பூவில் இதைச் சின்னப் பிழை என்று விட முடியாது.

மூன்றாவது, பதிவின் நிலையிணைப்பு, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி முகவரி. தலைப்பைத் தமிழில் மட்டும் கொடுத்தால் பிளாகர் அதிலிருந்து இணைப்பு உருவாக்குவதில்லை. 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுவாக ஒரு பெயர் வைத்து, அடுத்தடுத்த பதிவுக்குப் பின்னால் எண் சேர்க்கும். எந்த இணைப்பு எந்தப் பதிவு என்று பிறகு எவருக்கும் தெரியாது. இன்னொரு வலைப்பூச் சேவையான வேர்ட்பிரஸில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தமிழ்த் தலைப்பு இணைப்பில் ஏறும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், அது இணைப்பில் ஒன்பது எழுத்தாக விரியும். 200 எழுத்து என்ற வரம்பில் ஏறக்குறைய 22 குறியீட்டோடு தலைப்பு அறுந்துவிடும். உயிர்மெய்யில் மெய்யும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால், 22 என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் இன்னும் குறைவு.

நான்காவது, வருகை எண்ணிக்கை. முதல் மாதம் 900-க்கு மேல் காட்டியது, மாமாவுக்கு மகிழ்ச்சி. பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி இவர்கள் அறவே தொடர்பில்லாத ஒரு நாட்டிலிருந்து, சில நிமிட இடைவெளியில் வந்த தானியங்கி வருகைகள். மீதியில் பாதி, மாமா தன் வலைப்பூவைத் தானே திறந்து பார்த்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கணக்கு. பழையதை விட்டு, வலைப்பூவுக்கென்றே புதிய கூகுள் கணக்கு திறந்தார்கள். ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் வலைப்பூ இருந்தால், அவர் கடவுச்சொல்லை மறந்தாலோ கணக்கு முடங்கினாலோ எல்லாம் சேர்ந்து போகும். மீட்பு எண்ணாக மருமகளின் கைப்பேசி எண். இருபடிச் சரிபார்ப்புக்கான காப்புக் குறியீடுகள் தாளில் அச்சாகி, வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில். பிறகு இருவருடைய சொந்தக் கணக்குகளும் நிர்வாகிகளாகச் சேர்க்கப்பட்டன. ஆசிரியராகச் சேர்ப்பது வேறு, நிர்வாகியாகச் சேர்ப்பது வேறு. ஆசிரியர் எழுதலாம், அமைப்புகளைத் தொட முடியாது. இரண்டு ஆண்டு எவரும் நுழையாத கணக்கை நீக்கலாம் என்ற கூகுள் கொள்கை 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததால், பொதுக் கணக்கில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நுழைவதை நாட்காட்டியில் குறித்தார்கள்.

முகவரி. பிளாகரில் இலவச முகவரியை அமைப்புகளில் மாற்றலாம். ஆனால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பி அனுப்பாது. பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துவிடும். சொந்தக் களப்பெயர் (விலைக்கு வாங்கும் தனி இணையப் பெயர்) வாங்கினால் கதை வேறு. இலவச முகவரிக்கு வருபவர்களைப் பிளாகரே களப்பெயருக்கு அனுப்பிவிடும். ஆகவே இலவச முகவரியைத் தொடாமல், அதன் மேல் களப்பெயர் வாங்குவது என்று முடிவானது.

பெயர் தேர்ந்த விதம் குறிப்பிடத்தக்கது. த, ட, ழ, நெடில் எதுவும் வராத சொல்லாகத் தேடினார்கள். ரூமியில் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும் என்ற சொல் கிடைக்க இரண்டு நாள் ஆனது. எட்டு எழுத்து. அதே தொலைபேசிச் சோதனையில் ஐவரில் ஐவரும் சரியாக எழுதினார்கள். தமிழிலேயே களப்பெயர் வைக்கலாமா என்று மாமா கேட்டார். .சிங்கப்பூர், .இந்தியா, .இலங்கை என்று தமிழில் மேல்நிலைக் களங்கள் உண்டு. மலேசியாவுக்குத் தமிழில் அப்படி இல்லை, ஜாவி (மலாய்க்கான அரபு வடிவ) எழுத்தில்தான் இருக்கிறது. மலேசியக் களப்பெயர்ப் பதிவகமான மைநிக் நிர்வகிக்கும் .மை களப்பெயர் விலை கூடுதல்; ஆகவே .காம். முதல் ஆண்டுக்கு 58 ரிங்கிட். முதல் ஆண்டு விலையைவிடப் புதுப்பிக்கும் விலை கூடுதலாக இருப்பது வழக்கம். அதைப் பார்த்த பிறகே வாங்கினார்கள்.

களப்பெயரை வலைப்பூவோடு இணைக்கும் வேலை ஒரு மணி நேரம் எடுத்தது. களப்பெயர் விற்றவரின் பக்கத்தில் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் இரண்டு சி-நேம் பதிவுகள்: ஒன்று மூன்று 'டபிள்யூ'வைக் கூகுளுக்குக் காட்டுவது, மற்றொன்று உரிமையைச் சரிபார்க்கப் பிளாகர் தரும் தனிக் குறியீடு. மூன்று 'டபிள்யூ' இல்லாமல் தட்டுபவர்களுக்காக, எண் முகவரியைச் சுட்டும் நான்கு ஏ-பதிவுகள். தவறு நடந்தது இரண்டாவது சி-நேமில். குறியீட்டை நகலெடுத்தபோது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டது, பிளாகர் ஏற்கவில்லை. இடைவெளியை எடுத்துவிட்டு 40 நிமிடம் காத்திருந்து மறுபடி சேமித்ததும் ஏற்றது. பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் மறுநாள்தான் வந்தது. இடையில் "பாதுகாப்பற்ற தளம்" என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பதறி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து செய்பவர்கள் உண்டு. இவர்கள் காத்திருந்தார்கள்.

நிலையிணைப்பு. இது பிடிபடுவதற்குள் வெளியாகிப் புலனத்தில் பகிரப்பட்ட 11 பதிவுகளின் இணைப்பை மாற்றவில்லை. அசிங்கமாக இருந்தாலும் உயிரோடு இருக்கிற இணைப்பு அது. 12-ஆவது பதிவிலிருந்து, வெளியிடுமுன் வலப்பக்கப் பலகையில் 'தனிப்பயன் நிலையிணைப்பு' தேர்ந்து மூன்று நான்கு ரூமிச் சொற்களைக் கையால் கொடுத்தார்கள். வெளியிட்ட பிறகு நினைவு வந்தால் பயனில்லை.

மீதி அமைப்புகள்: மொழி தமிழ், நேர மண்டலம் கோலாலம்பூர், தேடுபொறிக்குத் தெரியட்டும் என்பது திறந்த நிலையில், சொந்த வருகையை எண்ணாதே என்பது இருவர் கருவியிலும். வார்ப்புரு, பிளாகரே தரும் எளிய ஒன்று. நாதஸ்வரம் போயிற்று, மாமாவுக்கு அதில் இன்றும் வருத்தம். வரிகளை இருபக்கமும் சமமாக இழுக்கும் அமைப்பும் போயிற்று. தமிழில் நீளச் சொற்கள் அதிகம், கைப்பேசித் திரையில் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். வரி இடைவெளி 1.7 ஆனது, கொம்பும் சுழியும் மேல்கீழ் வரியில் இடிக்காமலிருக்க அது போதும்.

பழைய கோப்பு

இந்த நிகழ்வின் கடினமான பகுதி 46 பக்கக் கோப்புதான். அதைத் திறந்து ஒட்டியபோது, தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. கோப்பு கெட்டுவிட்டது என்று மாமா நினைத்தார். கெடவில்லை. 2003-இல் முரசு அஞ்சல் கொண்டு, திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் முறை) தட்டியது அது. முரசு அஞ்சல் மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய மென்பொருள். இந்நாட்டில் தமிழ்த் தட்டச்சுப் பழகிய பலருடைய பழைய கோப்பும் இதே நிலையில்தான் இருக்கும். அந்தக் குறியேற்றத்தில் தமிழ் வடிவங்கள் எட்டு பிட் அட்டவணையின் மேற்பாதியில் அமர்ந்திருந்தன. அதற்குரிய எழுத்துரு இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். இன்றைய பொதுமுறையான ஒருங்குறியில் தமிழுக்கென்று தனி இடம். ஆகவே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. குறியேற்றத்தையே மாற்ற வேண்டும். கோப்பில் உள்ளது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது பாமினி என்ற இன்னொரு பழைய எழுத்துரு வகை. அதற்கு வேறு மாற்றி.

செய்த முறை: மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் வைத்தார்கள். முதலில் ஒரே பக்கத்தை மாற்றிப் பார்த்தார்கள். கொ, கோ, கௌ போல இருபக்கமும் குறி வரும் எழுத்துகளையே முதலில் சோதித்தார்கள்; பழைய முறையில் கொம்பு முன்னால் தட்டப்படும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், தவறு அங்கேதான் விழும். மாற்றம் நன்றாக வந்தது. ஆனால் மாமாவின் தட்டச்சுப் பழக்கம் இரண்டு பிழையை உள்ளே வைத்திருந்தது. காலுக்குப் பதில் சில இடத்தில் ரகரம். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போல. கௌரி என்ற பாட்டியின் பெயரைப் பேத்தி தேடினால், ளகரம் போட்ட கௌரி கிடைக்கமாட்டாள். கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த மூன்று ஞாயிறு ஆனது. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றியிருந்தால் 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் சேர்ந்து கெட்டிருக்கும். கையால் பார்த்தது சரி.

ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாத ஒட்டல்தான். வேர்டிலிருந்து நேராக ஒட்டிய முதல் பதிவில் எழுத்தளவும் நிறமும் பத்திக்குப் பத்தி மாறி நின்றன. கோப்பை 500 முதல் 700 சொல் கொண்ட பதிவுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பதிவிலும் தோட்டத்தை மக்கள் அழைத்த தமிழ்ப் பெயர், பெயர்ப்பலகையில் இருந்த பெயர் ரூமியில், ஊரின் பழைய பெயர், புதிய பெயர் எல்லாம் ஒரு முறையாவது வரவேண்டும் என்பது விதி. இங்கே தோட்டத்துக்கு மக்கள் வைத்த பெயரும் நிர்வாகம் வைத்த பெயரும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தேடுபவர் எதைக் கொண்டு தேடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது.

படங்கள்

முதல் படப் பதிவில் 14 படம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மெகாபைட், 'அசல் அளவு' தேர்ந்து ஏற்றியவை. மொத்தம் 56 மெகாபைட். மிச்சமிருக்கும் லயன் வீடுகளில் சிக்னல் ஒரு கோடு; பக்கம் திறக்கவே இல்லை என்று மூவர் சொன்னார்கள். பிறகு நீளப் பக்கம் 1600 பிக்சல், படம் ஒன்றுக்கு 200 முதல் 300 கிலோபைட் என்று குறைத்தார்கள். ஒரு பதிவுக்கு ஐந்து படம். அசல் மட்டும் தனி வன்தட்டில். படம் எடுத்த முறையும் மாறியது. பசைத் தாள் தொகுப்பில் பிளாஸ்டிக்கைத் தூக்காமல் எடுத்ததில் விளக்கொளி முகத்தின் மேல் விழுந்திருந்தது. பிளாஸ்டிக்கை மெல்லத் தூக்கி, காலை நேரம் ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல், எதிரே கறுப்புச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவில்லை. எளிதில் கழன்று வரும் படத்தின் பின்பக்கத்தையும் எடுத்தார்கள். பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாம் மாதம் ஒரு தவறு நடந்தது. செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பேரேடு) பக்கம் ஒன்றைப் படமாகப் போட்டார்கள். அதில் பிற்காலத்தில் யாரோ ஓரத்தில் எழுதிய அடையாள அட்டை எண்கள் தெளிவாகத் தெரிந்தன. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடக் குறியீடு. ஒன்பது நாள் கழித்துத்தான் கவனித்தார்கள். பதிவிலிருந்து படத்தை எடுத்தால் மட்டும் போதாது. படத்துக்கென்று இருக்கும் சொந்த முகவரி உயிரோடு இருக்கும். ஆகவே வலைப்பூவின் ஊடகக் கோப்புகளிலிருந்தும் தனியே அழித்தார்கள். மறுபடி போடும்போது, கைப்பேசியின் மார்க்கர் வண்ணத்தால் தீற்றாமல் முழுக் கறுப்புக் கட்டம் வைத்து மூடினார்கள். தீற்றல் அரைத்தெளிவு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எட்டிப் பார்க்கும்.

அதன் பின் ஒரு வழக்கம் வந்தது. உயிரோடு இருப்பவரின் படமோ பெயரோ என்றால், அவரோ வீட்டாரோ புலனத்தில் "போடலாம்" என்று எழுதவோ குரல் பதிவு அனுப்பவோ வேண்டும். கடன், கள்ளுக்கடைச் சண்டை, கங்காணி மேல் வந்த புகார் போன்றவை பெயர் இல்லாமல்தான். மாமா இதற்கு எளிதில் இணங்கவில்லை. பெயர் இல்லாத வரலாறு என்ன வரலாறு என்றார். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில், இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவைக் குற்றமாக்கும் 233-ஆவது பிரிவை வழிகாட்டி எடுத்துச் சொன்ன பிறகும் அரைமனம்தான். கடைசியில் மருமகள் கேட்ட கேள்வி வேலை செய்தது: "இந்த ஆள் பேரப்பிள்ளை நம்ம கடைக்கு வந்தா, மூஞ்சப் பாத்து மருந்து குடுக்க முடியுமா மாமா?"

பின்விளைவு

பத்து மாத முடிவில் 31 பதிவுகள். அதில் ஆறு, வேறு தோட்டத்தார் குரல் பதிவாக அனுப்பி மருமகள் எழுத்தாக்கியவை. குரலைக் கேட்டுத் தட்டும் வசதி பாதி வேலையைக் குறைத்தது. ஆனால் பெரட்டு, தீம்பார், மங்கு, ஒட்டுப்பால் போன்ற தோட்டத்துச் சொற்களை ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம் மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. ஆறு வாரம் திரையைப் பார்க்கவில்லை. இருவரும் நிர்வாகிகள் என்பதால் மருமகள், முன்பே வரைவில் கிடந்த நான்கு பதிவுகளைத் தேதி குறித்துத் தானாக வெளியாகும்படி வைத்தார், வலைப்பூ நிற்கவில்லை. 

தேடுபொறி வழியாக வருபவர்கள் நான்காம் மாதம் வரை இல்லை என்றே சொல்லலாம். தளவரைபடத்தை (பதிவு முகவரிகளின் பட்டியல்) கூகுளின் தேடல் கன்சோலில் கொடுத்த பிறகு சிறுகச் சிறுக வந்தார்கள். அதிகம் பேர் வந்து சேர்ந்த பதிவு, மாமா சாதாரணம் என்று நினைத்த ஒன்று: சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தமிழ்ப் பெயரும் பலகைப் பெயரும் அடுத்தடுத்துக் கொடுத்த ஒரு பட்டியல். ஈப்போவிலிருந்து ஒருவர் அதில் இரண்டு தீம்பார்களை (தோட்டத்தின் வேலைப் பகுதிகளை) மாற்றிப் போட்டிருப்பதைச் சுட்டினார். திருத்தி, திருத்திய தேதியையும் கீழே எழுதினார்கள்.

மறுமுறை செய்தால்

வரிசை தலைகீழாகும். முதல் நாள் பொதுக் கணக்கு, இரண்டு நிர்வாகி, தொலைபேசிச் சோதனையில் தேறிய பெயர், நேர மண்டலம், அதோடு நிறுத்தம். ஐந்து பதிவு வரைவில் சேரும் வரை வார்ப்புருவைத் திறப்பதில்லை. முதல் 11 பதிவின் எண்போட்ட இணைப்புகள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. அது இந்த வரிசைத் தவறுக்குக் கொடுத்த விலை.

காப்பு நகலும் முதல் மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். இங்கே ஐந்தாம் மாதம்தான் நினைவு வந்தது. அமைப்புகளில் இறக்கிக்கொண்ட எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து மட்டுமே இருந்தது. படங்களுக்கு இணைப்புதான், படம் இல்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மருமகள் அந்தக் கோப்பை இறக்குகிறார். அந்த மாதத்துப் படங்களின் அசலோடு சேர்த்து ஒரு வன்தட்டில், இன்னொரு நகல் கிள்ளானில் இருக்கும் மாமாவின் மகன் வீட்டில். செக்ரோலில் இன்னும் 60 பக்கம் மிச்சம்; எண்களை மூடும் வேலை முடிந்தது அதில் எட்டுக்குத்தான்.